அடியில் காங்ஷி முத்திரை இருந்தால் பூச்சாடி காங்ஷி காலத்தது ஆகிவிடுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இது: பினாங்கில் கொடுக்கல் வாங்கல் தொழில் செய்த உங்கள் கொள்ளுத்தாத்தா ஊர் திரும்பும்போது கொண்டுவந்த, ஒன்றரை அடி உயரமுள்ள நீலவெள்ளைப் பீங்கான் பூச்சாடி ஒன்று காரைக்குடி வீட்டில் இருக்கிறது, அதன் அடியில் இரட்டை வட்டத்துக்குள் நான்கு சீன எழுத்துகள் உள்ளன, கைப்பேசிச் செயலி அவற்றைக் காங்ஷி பேரரசர் காலத்தில் செய்யப்பட்டது என்று படித்துக் காட்டியது, பழம்பொருள் தரகர் ஒருவர் முந்நூறு ஆண்டுப் பழமை என்று உறுதியாகச் சொல்லி, ஹாங்காங் ஏலத்தில் கோடிகளில் போகும், அதற்கு முன் சான்றிதழ் எடுக்கக் கட்டணம் மட்டும் நீங்கள் கட்ட வேண்டும் என்கிறார். பூச்சாடியின் விலை என்ன என்று நீங்கள் கேட்டிருந்தாலும், அடியிலுள்ள அந்த நான்கு எழுத்துகளை நம்பலாமா என்பதுதான் அதற்குள் இருக்கும் கேள்வி. விலையைப் பற்றிய பேச்சு இதற்குப் பதில் கிடைத்த பிறகே பொருளுடையதாகும் என்பதால், அதைக் கடைசிக்கு ஒத்தி வைக்கிறேன்.

நான் சிங்கப்பூரில் கிழக்காசிய மட்கலங்களைப் பட்டியலிட்டு, அவற்றின் நிலையைப் பற்றி அறிக்கை எழுதும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன். அந்த வேலையில் முதலில் கற்றுத் தரப்படுவது, பூச்சாடியைத் தலைகீழாகத் திருப்பி எழுத்தைப் படிக்கும் ஆவலை அடக்கிக்கொள்வது. வடிவம், மண், மெருகு (கலத்தின் மேல் பூசிச் சுடும் கண்ணாடிப் பூச்சு), ஓவியம், அடிவளையம் ஆகிய ஐந்தும் சொல்வதைக் கேட்டு ஒரு முடிவுக்கு வந்த பிறகே எழுத்தைப் பார்க்க வேண்டும்; எழுத்து அந்த முடிவோடு ஒத்துப்போனால் நல்லது, முரண்பட்டால் எழுத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். நீங்கள் அனுப்பியிருப்பது முன்புறம், கழுத்து, அடிப்புறம் ஆகிய மூன்று படங்கள் மட்டுமே. எனவே கீழே நான் சொல்வதில் சில உறுதியானவை, சில சாத்தியங்கள். எது எந்த வகை என்பதை அங்கங்கே குறிப்பிடுகிறேன்.

உறுதியானதிலிருந்து தொடங்கலாம். காங்ஷி பேரரசரின் ஆட்சிக்காலம் 1662 முதல் 1722 வரை. அக்காலத்தில் அரண்மனைக்காகச் செய்யப்பட்ட நீலவெள்ளைக் கலங்களில் முத்திரை இருக்குமானால், அது பெரும்பாலும் மகா சிங் வம்சத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்லும் ஆறு எழுத்து முத்திரையாக இருக்கும். வம்சப் பெயரை விட்டுவிட்டுக் காங்ஷி என்பதை மட்டும் சொல்லும் நான்கு எழுத்து முத்திரை, அந்தப் பேரரசர் காலத்து நீலவெள்ளைக் கலங்களில் அரிது. அரண்மனைக்குள் வண்ண எனாமல் பூசப்பட்ட சிறு கிண்ணங்கள் போன்ற வேறு வகைப் பொருள்களில்தான் அது இயல்பாகக் காணப்படும். ஆனால் அதே நான்கு எழுத்துகள், நீல நிறத்தில், இரட்டை வட்டத்துக்குள்ளோ இரட்டைச் சதுரத்துக்குள்ளோ, இருநூறு ஆண்டுகள் பிந்திய குவாங்ஷு பேரரசர் காலத்துக் கலங்களில் (1875–1908) ஏராளமாகக் கிடைக்கின்றன. ஆகவே உங்கள் தரகர் பழமைக்குச் சான்றாகக் காட்டும் அந்த முத்திரை, பழகிய கண்ணுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியை நோக்கித்தான் முதலில் கை காட்டும்.

இது ஏன் இப்படி என்பதற்கு நீண்ட பின்னணி உண்டு. சீனப் பீங்கானின் தலைநகரம் என்று சொல்லத்தக்க ஜிங்தெஜென் நகரம் ஜியாங்ஷி மாகாணத்தில் இருக்கிறது. கயோலின் என்று உலகம் முழுவதும் அழைக்கப்படும் வெண்களிமண்ணுக்கு அந்தப் பெயர் வந்ததே அந்நகருக்கு அருகிலுள்ள காவ்லிங் என்ற இடத்திலிருந்துதான். அங்கே ஆட்சி முத்திரையை முறையாக இடும் வழக்கம், சிங் வம்சத்துக்கு முந்திய மிங் வம்சத்தின் ஷுவான்தே காலத்தில் (1426–1435) நிலைபெற்றது. அந்தக் காலமும், அதற்குச் சற்றுப் பின்னான செங்குவா காலமும் (1465–1487) பிற்காலத்தவரால் பொற்காலமாகக் கருதப்பட்டதால், பிற்காலக் குயவர்கள் அந்த இரண்டு பெயர்களையும் தங்கள் கலங்களில் தாராளமாக எழுதினார்கள். காங்ஷி காலத்துக் குயவர்களே அப்படிச் செய்தவர்கள்தாம். அடியில் செங்குவா முத்திரையும் உடலில் காங்ஷி காலத்து ஓவியமும் கொண்ட கலங்கள் அருங்காட்சியகங்களில் நிறையவே உண்டு. இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. 1677-ஆம் ஆண்டு ஜிங்தெஜென் பகுதியின் அதிகாரி, பேரரசரின் பெயரைக் கலங்களில் எழுதக் கூடாது என்று தடை விதித்தார். கலம் உடைந்து குப்பைக்குப் போகும்போது அரசரின் பெயரும் சேர்ந்து மிதிபடும் என்பது காரணம். தடை எவ்வளவு காலம் கடைப்பிடிக்கப்பட்டது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் வெறும் இரட்டை வட்டமும், இலை, சங்கு போன்ற சிறு சின்னங்களும் அக்காலத் தனியார் சூளைக் கலங்களின் அடியில் இவ்வளவு அதிகமாகக் காணப்படுவதற்கு அந்தத் தடையையே பலர் காரணமாகச் சொல்கிறார்கள். ஆகவே, உண்மையான காங்ஷி காலப் பூச்சாடி ஒன்று இன்று உங்கள் கையில் கிடைத்தால், அதன் அடியில் காங்ஷியின் பெயர் இல்லாமல் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

குவாங்ஷு காலத்தில் காங்ஷியின் பெயர் திரும்பி வந்ததற்கு இரண்டு காரணங்கள் சேர்ந்தன. 1850-களில் தைப்பிங் கிளர்ச்சியின்போது ஜிங்தெஜென் சூளைகள் அழிந்தன. 1860-களில் அவை மீண்டும் எழுந்தபோது, பழைய புகழ்பெற்ற வடிவங்களையே பின்பற்றித் தொழிலைத் தொடங்குவது இயல்பாக இருந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் லண்டனில் விஸ்லர், ரோசெட்டி போன்ற ஓவியர்கள் காங்ஷி காலத்து நீலவெள்ளைக் கலங்களைப் போட்டி போட்டு வாங்கிச் சேர்த்தார்கள். அவர்களைப் பார்த்துச் செல்வந்தர்களும் தொடங்கினார்கள். நொறுங்கிய பனிக்கட்டி போன்ற நீலப் பின்னணியில் வெண்ணிறப் பிளம் பூக்கள் வரைந்த மூடி ஜாடிகளுக்கு ஐரோப்பாவில் பித்துப் பிடித்தது போன்ற தேவை எழுந்தது. தேவை இருந்த இடத்துக்குச் சரக்கு போனது. இதை முழுக்க மோசடி என்று சொல்வது அந்தக் குயவர்களுக்கு நியாயம் செய்வதாகாது. முன்னோர் பாணியில் செய்த கலத்தில் முன்னோர் காலத்தின் பெயரை எழுதுவது அங்கே மரியாதையாகவும் இருந்தது, வியாபாரமாகவும் இருந்தது. வாங்கியவர்களில் பலருக்கு அது புதுச் சரக்கு என்பது தெரியும். ஏமாற்று என்பது பெரும்பாலும் பிற்பாடு, கைமாறும்போது நுழைந்தது.

எழுத்தையே நம்பக் கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீலவெள்ளைப் பீங்கானின் வரலாறே ஓர் எழுத்தின் மேல்தான் நிற்கிறது. பிரிட்டிஷ் மியூசியத்தில் டேவிட் பூச்சாடிகள் என்ற ஒரு ஜோடி இருக்கிறது. இரண்டடிக்குச் சற்று மேல் உயரம், கழுத்தின் இருபுறமும் யானைத்தலைப் பிடிகள், உடலைச் சுற்றி மேகங்களுக்கிடையே நான்கு நகங்கள் கொண்ட டிராகன். யானைகளின் துதிக்கையோடு சேர்த்துத் தொங்கிய வளையங்கள் எப்போதோ உடைந்து போயின. கழுத்தில் உள்ள வாசகம், ஜாங் வென்ஜின் என்ற பக்தர் தம் குடும்பத்தின் நலன் வேண்டி, ஒரு தூபக்கலத்தோடு சேர்த்து இந்த ஜோடியைக் கோயில் ஒன்றுக்கு அளித்ததாகவும், அது யுவான் வம்சத்தின் ஜிஜெங் 11-ஆம் ஆண்டு என்றும் சொல்கிறது, அதாவது 1351. இந்த வாசகம் 1929-இல் அச்சில் வந்தபோது, யுவான் காலத்தில் இவ்வளவு தேர்ந்த நீலவெள்ளைக் கலம் இருந்திருக்குமா என்று ஐயுற்றவர்கள் பலர். 1950-களில் ஜான் போப் என்ற அமெரிக்க அறிஞர், இஸ்தான்புலின் தோப்கப்பி அரண்மனையிலும் ஈரானின் அர்தபில் ஆலயத்திலும் சேர்ந்திருந்த சீனக் கலங்களை இந்த ஜோடியோடு ஒப்பிட்டு, பதினான்காம் நூற்றாண்டுக் கலங்களைத் தனியாக அடையாளம் காட்டிய பிறகே ஐயம் தீர்ந்தது. இந்த எழுத்தை நம்புவதற்கும் உங்கள் பூச்சாடியின் எழுத்தை நம்பாததற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். யாரும் தேடி விலை கொடுக்காத ஓர் ஆட்சியின் ஆண்டையும், யாருக்கும் தெரியாத ஒரு கிராமத்துக் கோயிலையும், சாதாரண பக்தர் ஒருவரின் பெயரையும் நீள எழுதி வைப்பதால் எந்தப் போலியாளனுக்கும் லாபம் இல்லை. காங்ஷி என்ற பெயருக்கோ முந்நூறு ஆண்டுகளாகச் சந்தை மதிப்பு இருந்துவருகிறது.

இனி உங்கள் பூச்சாடிக்கு வருகிறேன். உருளை போன்ற உடல், திடீரென ஒடுங்கும் தோள், குட்டையான கழுத்து, மேலே தட்டு விளிம்பு என்ற அந்த வடிவம் காங்ஷி காலத்தில்தான் பெருவழக்காயிற்று. ஆகவே வடிவத்தைப் பொறுத்தவரை உங்கள் தரகர் தவறு சொல்லவில்லை. ஆனால் குவாங்ஷு காலத்தில் மிக அதிகமாக நகலெடுக்கப்பட்ட வடிவங்களில் இதுவும் ஒன்று. வடிவம் கீழ் எல்லையைத்தான் தரும், மேல் எல்லையைத் தராது. அதாவது இது மிங் காலத்துப் பொருள் அல்ல என்று ஓரளவு துணிந்து சொல்லலாம், நேற்றுச் செய்த பொருள் அல்ல என்று சொல்ல முடியாது.

அதிகம் பேசுவது அடிவளையம். பூச்சாடி தரையில் நிற்கும் அந்த வளையத்தில் மெருகு இருக்காது. மண் தன் உண்மையான முகத்தைக் காட்டும் ஒரே இடம் அது. காங்ஷி காலத்து நல்ல கலங்களில் அங்கே மண் மிக நுண்மையாக, விரலால் தடவினால் நன்கு அரைத்த பச்சரிசி மாவின் வழுவழுப்போடு இருக்கும். வளையத்தின் இரு ஓரங்களும் கத்தியால் சீவிச் சரிவாக்கப்பட்டிருக்கும். மெருகு முடியும் கோடு சுத்தமாக வெட்டப்பட்டிருக்கும். அந்தக் கோட்டை ஒட்டி மயிரிழை அளவுக்கு இளஞ்செம்மை படர்ந்திருக்கலாம். மண்ணிலுள்ள சிறிதளவு இரும்பு சூளை ஆறும் நேரத்தில் காற்றுப்பட்டுச் சிவப்பதால் வருவது அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிக் கலங்களில் மண் சற்றுக் கரகரப்பாகவும், வளையம் அகலமாகவும் அவசரமாகச் சீவியதாகவும், அடிப்புறத்து மெருகு சற்று நீலம் பாய்ந்து அலை அலையாகவும் இருப்பது வழக்கம். உங்கள் மூன்றாம் படத்தில் அடிமெருகு அப்படித்தான் தெரிகிறது, ஆனால் மின்விளக்கின் ஒளி நீலத்தைக் கூட்டிக் காட்டுவதும் உண்டு. அடிவளையமோ படத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்டுவிட்டது. இளஞ்செம்மையை மட்டும் வைத்து முடிவுசெய்யவும் வேண்டாம். இரும்புக் கரைசலைத் தூரிகையால் தடவி அந்த நிறத்தை வரவழைப்பவர்கள் உண்டு. அப்படித் தடவியது வளையம் முழுவதும் ஒரே சீராக இருக்கும், இயற்கையானது இடத்துக்கு இடம் மாறும்.

அடுத்து உட்புறம். ஒன்றரை அடி உயரமுள்ள கலத்தை ஒரே இழுப்பில் சக்கரத்தில் வனைவது எளிதன்று என்பதால் கழுத்து, உடல் என்று பகுதி பகுதியாக வனைந்து, ஈரமண் குழம்பால் ஒட்டினார்கள். கைவிளக்கை உள்ளே பிடித்துப் பார்த்தால், அல்லது கை நுழையுமானால் விரலால் தடவிப் பார்த்தால், கிடைமட்டமாக ஓடும் அந்த ஒட்டுத் தடம் ஒன்றோ இரண்டோ அகப்படும். அச்சில் மண் குழம்பை ஊற்றி வார்த்த இருபதாம் நூற்றாண்டுக் கலங்களில் இந்தத் தடமும் இருக்காது, வனைந்த விரல் ரேகைகளும் இருக்காது. வெளி வளைவு எப்படியோ உள் வளைவும் அப்படியே இருக்கும். ஒட்டுத் தடம் இல்லையென்றால் பழமை பற்றிய பேச்சை ஏறக்குறைய அங்கேயே முடித்துக்கொள்ளலாம். இருந்தால் எந்த நூற்றாண்டும் சாத்தியமே. ஜிங்தெஜென்னில் இன்றும் இதே முறையில் வனைகிறார்கள்.

ஓவியத்துக்குப் பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு சிறு லென்ஸ் போதும். பத்திரிகைப் படம் போலப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தாலோ, உடலைச் சுற்றி வரும் கோடு ஓரிடத்தில் தவறிச் சேர்ந்திருந்தாலோ, அது அச்சுத்தாளை ஒட்டி எடுத்த ஓவியம். கலம் இருபதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கையால் வரைந்ததுதான் என்றால் எப்படி வரைந்தார்கள் என்று பாருங்கள். 1712-இல் ஜிங்தெஜென்னைப் பற்றி நீண்ட கடிதம் எழுதிய பிரெஞ்சுப் பாதிரியார் தாந்த்ரகோல், ஒரு கலம் எழுபது பேரின் கைகளைக் கடந்து வருவதாகவும், விளிம்புக் கோட்டை ஒருவர், பூவின் வெளிக்கோட்டை ஒருவர், அதன் நிறத்தை வேறொருவர் என்று பிரித்துக்கொண்டு வரைவதாகவும் குறிப்பிடுகிறார். வெளிக்கோட்டுக்குள், நீல நிறம் தரும் கோபால்ட் கரைசலை நீர் கலந்து நிரப்புபவரின் திறமைதான் காங்ஷி காலத்தின் தனிச்சிறப்பு. ஒரே கோபால்ட்டைப் பல அடர்த்திகளில் கரைத்து, மலையின் நிழலுக்கு ஒன்று, குதிரையின் வயிற்றுக்கு ஒன்று, ஆடையின் மடிப்புக்கு ஒன்று என்று நீலத்திலேயே நான்கைந்து நிறங்கள் காட்டுவார்கள். சுடாத மண் நீரை உடனே உறிஞ்சிவிடும் என்பதால், தூரிகையை நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். நின்ற இடத்தில் கறை தேங்கும். உங்கள் முதற்படத்தில் குதிரை வீரர்களின் ஆடைகள் பெரும்பாலும் ஒரே அடர்த்தியில் தட்டையாக நிரப்பப்பட்டிருக்கின்றன. முகங்கள் எல்லாம் ஒரே முகமாக இருக்கின்றன. பாறைகளின் விளிம்பில் மட்டும் அடர்நீலத்தைக் கூட்டிப் பருமன் காட்ட முயன்றிருக்கிறார்கள். என் கண்ணுக்கு இது காங்ஷி காலத்தைப் பின்பற்றிய கை, காங்ஷி காலத்துக் கை அல்ல. படத்தை வைத்துச் சொல்வதால் இதைச் சாத்தியம் என்ற வகையிலேயே வைக்கிறேன், என்றாலும் வலுவான சாத்தியம்.

நீல நிறத்தின் வேதியியலும் சாட்சி சொல்லும். மெருகுக்கு அடியில் தீட்டப்பட்டு, ஆக்ஸிஜன் குறைந்த சூளையில் ஏறத்தாழ 1300 பாகை செல்சியஸ் வெப்பத்தைத் தாங்கி நீலமாக வெளிவருவது கோபால்ட். யுவான் காலத்திலும் தொடக்க மிங் காலத்திலும் மேற்காசியாவிலிருந்து இறக்குமதியான கோபால்ட்டில் இரும்பு அதிகம், மாங்கனீசு குறைவு. அதனால்தான் அக்கால நீலத்தில் கருமையான திட்டுகள் மெருகைத் துளைத்துக்கொண்டு நிற்கின்றன. பின்னாளில் செஜியாங் போன்ற சீனப் பகுதிகளிலேயே எடுத்த கோபால்ட்டில் மாங்கனீசு அதிகம். தொழிற்சாலையில் சுத்திகரித்த கோபால்ட் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் சீனாவுக்கு வந்தது. அதில் மாங்கனீசு ஏறக்குறைய இருக்காது, நிறமும் சற்று ஊதா கலந்து கண்ணை உறுத்தும். எக்ஸ் கதிர் ஒளிர்வு ஆய்வின் மூலம் கலத்தைச் சிறிதும் சுரண்டாமல் இந்த விகிதத்தை அளந்துவிடலாம். மாங்கனீசு இல்லாத நீலம் என்று முடிவு வந்தால், காங்ஷி காலம் என்ற வாதம் நிற்காது. மாங்கனீசு இருக்கிறது என்று வந்தால் வாதம் நிரூபணமானதாக ஆகாது. குவாங்ஷு காலத்திலும் உள்நாட்டுத் தாது புழக்கத்தில் இருந்தது.

பழமையின் அடையாளமாகப் பலர் காட்டும் அழுக்கு, கீறல், மங்கிய பளபளப்பு ஆகியவற்றை நான் கடைசி வரிசையில்தான் வைப்பேன். உண்மையான தேய்மானம் கை படும் இடங்களிலும், பொருள் நகர்ந்து உரசும் இடங்களிலும் மட்டும், பல திசைகளில், பல ஆழங்களில் இருக்கும். உப்புத்தாள் தேய்த்த கீறல்கள் ஒரே திசையில் ஓடும். அமிலத்தால் மங்கவைத்த மெருகு பள்ளம் மேடு எல்லா இடத்திலும் ஒரே அளவுக்கு மங்கியிருக்கும். இந்தக் கலை புதிதும் அல்ல. மேலே சொன்ன பாதிரியாரின் அதே கடிதத்தில், அந்த ஊர் அதிகாரி ஒருவர் தம் மேலிடத்துப் புரவலர்களுக்குப் பழங்காலப் பீங்கான் என்று பரிசளிக்கும் கலங்கள் எப்படித் தயாராயின என்ற குறிப்பு இருக்கிறது: கோழியும் பிற இறைச்சியும் போட்டுக் காய்ச்சிய கொழுப்பு மிகுந்த குழம்பில் வேகவைத்து, மறுபடி சுட்டு, பிறகு நாற்றமெடுத்த சாக்கடையில் ஒரு மாதத்துக்கு மேல் போட்டு வைத்தால், வெளியே எடுக்கும்போது முந்நூறு நானூறு ஆண்டுப் பழமை வந்துவிடுமாம். அவை நீலவெள்ளைக் கலங்கள் அல்ல, மஞ்சள் மண்ணில் செய்த வேறு வகை. ஆனால் காங்ஷி ஆண்டுகொண்டிருந்த காலத்திலேயே, காங்ஷியின் சூளை நகரத்திலேயே நடந்தது இது.

மெருகுக்குள் இருக்கும் காற்றுக்குமிழ்களின் அளவை வைத்துக் காலம் சொல்லும் காணொளிகளை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். சூளையின் வெப்பமும் மெருகின் கனமும் மாறினால் குமிழும் மாறும். ஒரே காலத்துக் கலங்களிலேயே வேறுபாடு மிகுதி. தட்டிப் பார்த்து ஓசையால் காலம் சொல்வதும் அப்படியே; அது விரிசல் இருக்கிறதா என்று அறிய மட்டும் உதவும், அதற்கும் புற ஊதா விளக்கில் பார்ப்பதே பாதுகாப்பு, ஏனென்றால் பிற்காலத்தில் நிரப்பி வண்ணம் தீட்டிய இடங்கள் பெரும்பாலும் அந்த ஒளியில் வேறு நிறமாகத் தெரியும். வெப்ப ஒளிர்வுச் சோதனை இவற்றிலிருந்து வேறுபட்ட, உண்மையான அறிவியல் சோதனைதான். கலம் கடைசியாகச் சூளையில் சுடப்பட்டதிலிருந்து அது ஏற்றுக்கொண்ட கதிர்வீச்சை அளந்து வயதைக் கணிக்கிறது. ஆனால் அதற்குக் கலத்தில் சிறு துளையிட்டு மாதிரி எடுக்க வேண்டும், விடையும் ஓர் ஆண்டாக வராமல் அகலமான வரம்பாகவே வரும், செயற்கையாகக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி அதை ஏமாற்றவும் முடியும். உங்கள் பூச்சாடிக்கு அது தேவையென்று நான் நினைக்கவில்லை. துளையால் குறையும் மதிப்பு, கிடைக்கும் தகவலின் மதிப்பைவிட அதிகமாக இருக்கலாம்.

உங்களிடம் இருக்கும் ஆவணங்களில் நான் பெரிதும் மதிப்பது கொள்ளுத்தாத்தாவின் பினாங்கு வாசம். அவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே தொழில் செய்தார் என்கிறீர்கள். அக்காலத்தில் மலாக்கா நீரிணைத் துறைமுகங்களுக்குச் சீனப் பீங்கான் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. அங்குள்ள வசதியான சீனக் குடும்பங்களின் வீடுகளில் இத்தகைய காங்ஷி பாணிப் பூச்சாடிகள் கூடத்து அலங்காரமாக இருந்தன. ஆகவே அவர் அங்கே ஒரு கடையில் புதிதாக வாங்கியிருந்தால், குவாங்ஷு காலமோ அதற்கு அடுத்த குடியரசுக் காலத் தொடக்கமோ மிகப் பொருத்தமாக அமைகிறது. இந்தக் குடும்ப வரலாற்றால் இன்னொரு பயனும் உண்டு: கடந்த நாற்பது ஆண்டுகளில் சந்தையை நிறைத்திருக்கும் புதிய போலிகளின் கூட்டத்திலிருந்து அது உங்கள் பூச்சாடியை விலக்கி வைக்கிறது. பழைய புகைப்படத்தில் அந்தப் பூச்சாடி தெரிகிறதா, கணக்குப் பேரேட்டில் வாங்கிய செலவு ஏறியிருக்கிறதா என்று தேடுங்கள். நான்கு சீன எழுத்துகளைவிட அந்தப் பேரேட்டு வரி ஒன்று அதிகம் பேசும்.

விலைக்கு வருகிறேன். தரகர் சொல்லும் கோடிகளுக்கு உலகில் முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. மலையிலிருந்து இறங்கும் முனிவர் ஒருவரின் காட்சி தீட்டிய யுவான் காலத்து ஜாடி ஒன்று 2005-இல் லண்டனில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் ஒன்றரைக் கோடி பவுண்டுக்கு மேல் போயிற்று. 2022-இல் பாரிஸுக்கு அருகிலுள்ள ஃபோன்டென்புளோவில் டிராகன் தீட்டிய உருண்டை வடிவ நீலவெள்ளைப் பூச்சாடி ஒன்று, இருபதாம் நூற்றாண்டுச் சாதாரணப் பொருள் என்று இரண்டாயிரம் யூரோவுக்குள் மதிப்பிடப்பட்டு, போட்டியில் 77 லட்சம் யூரோவைத் தொட்டது. மதிப்பிட்டவர் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. வாங்க வந்தவர்கள் பதினெட்டாம் நூற்றாண்டுப் பொருள் என்று நம்பி ஏலம் கேட்டார்கள், மதிப்பிட்டவர் நம்பவில்லை. நிபுணர்களும் முரண்படும் துறை இது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். இவை இரண்டும் விதிவிலக்குகள். குவாங்ஷு காலத்துக் காங்ஷி பாணிப் பூச்சாடி நல்ல நிலையில் இருந்தால் வாங்குவோர் உண்டு, அழகான பொருள், சந்தையில் மதிப்புடையது. ஆனால் உண்மையான காங்ஷி காலப் பொருளின் விலையில் சிறு பங்குதான் அதற்கு. எண் எதையும் படத்தைப் பார்த்து நான் சொல்ல மாட்டேன், சொல்பவரையும் நம்ப வேண்டாம்.

சான்றிதழ் கட்டணம் கட்டச் சொல்லும் பேச்சை இப்போதே நிறுத்திவிடுங்கள். பெரிய ஏல நிறுவனங்கள் படங்களைப் பார்த்து முதற்கட்டக் கருத்துச் சொல்லப் பொதுவாகப் பணம் கேட்பதில்லை. பொருள் விற்ற பிறகு தரகுப் பங்கு எடுத்துக்கொள்வதே அவர்கள் வழக்கம். முன்பணம் வாங்கிக்கொண்டு சான்றிதழும் ஏலப் பட்டியல் இடமும் தருவதாகச் சொல்லி, ஏலத்தில் யாரும் கேட்கவில்லை என்று பொருளைத் திருப்பித் தருவது தென்கிழக்காசியாவிலும் சீனாவிலும் பழகிப்போன தந்திரம். மேலும், ஹாங்காங்குக்கு அனுப்புவதில் சட்டச் சிக்கல் ஒன்று இருக்கிறது. இந்தியாவின் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி நூறாண்டுகளுக்குக் குறையாத கலைப்பொருளைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. பொருள் அந்த வரம்புக்குள் வராது என்றால், இந்தியத் தொல்லியல் துறையிடம் தொல்பொருள் அல்ல என்ற சான்று பெற வேண்டும். முந்நூறு ஆண்டுப் பழமை என்று ஒருபுறம் சான்றிதழ் வாங்கிக்கொண்டு மறுபுறம் ஏற்றுமதி செய்யலாம் என்று உங்கள் தரகர் எப்படிச் சொல்கிறார் என்று அவரையே கேட்டுப் பாருங்கள்.

இதற்கிடையில் பூச்சாடியைத் துலக்க வேண்டாம். ப்ளீச்சோ, புளியோ, எலுமிச்சையோ அடிவளையத்து மண்ணில் பட வேண்டாம். தூக்கும்போது கழுத்தைப் பிடிக்காமல் ஒரு கையை உடலிலும் ஒரு கையை அடியிலும் கொடுங்கள். பகல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல், இன்னும் நான்கு படங்கள் எடுத்து அனுப்பினால் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியும்: அடிவளையம் முழுவதும், அதன் ஒரு பகுதி மிக நெருக்கத்தில், கழுத்து வழியாக உள்ளே கைவிளக்கு அடித்த நிலை, குதிரை வீரன் ஒருவனின் ஆடை லென்ஸ் வைத்து எடுத்தது. பக்கத்தில் ஓர் அளவுகோலையும் வையுங்கள். முத்திரையை மறுபடி எடுக்கத் தேவையில்லை.